தீவை அளக்கும் நாள்

தீவில் எத்தனை பேர், சராசரி உயரம் என்ன, எத்தனை பேருக்குச் சுருட்டை முடி என்று தெரிந்துகொள்ள, தலைமையகம் ஆண்டுதோறும் தீவு மொத்தத்தையும் படகுகளில் நகரத்துக்கு வரவழைத்து, வரிசையில் நிறுத்தி அளந்து, திருப்பி அனுப்பும். பதினொரு நாள் வரிசை. புள்ளியியல் பிரிவுக்குப் புதிதாக வந்த வாசுகிக்கு இது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. தீவின் பள்ளி ஆசிரியர் தொம்மைக்குப் போன் போட்டாள்.

“இந்த விவரமெல்லாம் உங்ககிட்டயே இருக்குமா சார்?”

“மாசாமாசம் எழுதி வச்சிருக்கேன் மேடம். இதுவரைக்கும் யாரும் கேக்கலியே.”

ஐந்தே நிமிடத்தில் அவர் வாசிக்க, அவள் எழுதி முடித்துவிட்டாள். வாசுகி துள்ளிக் குதிக்காத குறைதான். தொம்மையின் குரல் மட்டும் இறங்கிவிட்டது.

“அப்ப நாங்க வர வேண்டாமா மேடம்? பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை எல்லாம் தச்சாச்சு. போன தடவையும் வரிசையில நின்னே ரயிலப் பாக்காம திரும்பிட்டோம்.”

வாசுகி மேசையிலிருந்த கோப்பைப் புரட்டினாள்.

“படகுக்கு உத்தரவு போயிருச்சு சார். அதை நிறுத்த எனக்கு அதிகாரம் கிடையாது. அளக்கிற வேலைதான் முடிஞ்சுபோச்சே, வாங்க.”

தொம்மை போனை வைக்கவே மறந்துவிட்டார். அவர் வெளியே ஓடிக் கூவுவது அவளுக்குக் கேட்டது.

“ஏலே, இந்த வருசம் வரிசை கிடையாதாம்லே!”