குந்துவாவின் மகள்

“முன்னோருக்கு ஊத்துங்க மாமா. ஊத்திட்டு ஒவ்வொரு பேராக் கூப்பிடுங்க.”

அராபா ஜின் பாட்டிலைக் குடும்பத் தலைவர் க்வாமினாவுக்கு முன்னால் நகர்த்தினாள். கிழவர் அதைத் தொடவில்லை.

முற்றத்து நாற்காலிகளில் உறவு முழுக்க உட்கார்ந்திருந்தது. மான்சா மட்டும் மீனுக்குப் புகை போடும் அடுப்போரம் நின்றுகொண்டிருந்தாள்.

“பேரைக் கூப்பிடற அளவுக்கு இப்ப என்ன வந்துடுச்சு?” என்றார் கிழவர்.

“வீட்டை இடிச்சு விடுதி கட்டப்போறோம். யாருக்குப் பங்கு, யாருக்கு இல்லைன்னு தெரிய வேணாமா?”

வெள்ளைக்கார கவர்னர் காலத்தில் பனை எண்ணெய் விற்று இந்த மாடி வீட்டைக் கட்டியவள் குந்துவா. அவளிடம் இரண்டு பெண்கள் வளர்ந்தார்கள், எக்குவாவும் அஜோவாவும். ஒருத்தி பெற்ற மகள். இன்னொருத்தி அடிமைச் சந்தையில் வாங்கி வந்தவள். எக்குவாவின் பேத்தி மான்சா. அஜோவாவின் பேத்தி அராபா.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அராபா இதையேதான் துருவிக்கொண்டிருந்தாள். கல்லறைகளில் பாசியைச் சுரண்டிப் படித்தாள். கேப் கோஸ்ட் நகரம் வரை போய் வயதானவர்களைக் கேட்டாள். “குந்துவாவுக்கு ரெண்டு பொண்ணு” என்பதற்குமேல் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒருவரை ‘வாங்கி வந்த வழி’ என்று இன்னொருவர் சொல்லக்கூடாது. முன்னோர் போட்ட கட்டு அது.

ஆனால் மது வார்த்து இறந்தவர்களை அழைக்கும்போது பொய் கூடாது. ரத்தம் அல்லாத பெயரை அழைக்க முடியாது. வருஷாவருஷம் கிழவர், “குந்துவா, வா” என்பதோடு நிறுத்திக்கொள்வார். அராபா அதைத்தான் பிடித்துக்கொண்டாள்.

“எங்க வழியில டாக்டர் இருக்கான், வக்கீல் இருக்கான். அவ வழியில மீன்கூடைதான் இருக்கு. இதுல சொல்லித் தெரியறதுக்கு என்ன இருக்கு? இருந்தாலும் உங்க வாயால வரட்டும்.”

யாரோ சிரித்தார்கள்.

“அக்கா” என்றாள் மான்சா. “ரூமைக் காலி பண்ணுன்னா பண்ணிடறேன். இதை மட்டும் கேக்காதே.”

“ஏன், பயமா இருக்கா?”

“ஆமா. பயமாத்தான் இருக்கு.”

“பாத்தீங்களா மாமா!”

கிழவர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகினார். அவர் மான்சாவைப் பார்த்தார். அவள் அராபாவைப் பார்த்தாள். பிறகு அடுப்போரத்திலிருந்து நடுமுற்றத்துக்கு வந்தாள்.

“ஊத்தாதீங்க மாமா. அடுத்தவங்க வழியைச் சொன்னாத்தானே தப்பு? என் வழியை நானே சொல்லிக்கலாமில்ல? எக்குவாதான் வாங்கி வந்தவ. எங்கம்மா சாகறப்போ சொல்லிட்டுப் போனா.”

“மான்சா! என்ன பேசறேன்னு தெரியுதா? இத்தனை பேர் முன்னால சொன்னதை என்னால திருப்ப முடியாதுடி.”

“தெரியும் மாமா.”

அதற்குப் பிறகு கூட்டம் போட என்ன இருக்கிறது? மான்சா துணிகளை ஒரு அலுமினியப் பாத்திரத்தில் அமுக்கினாள். அடுப்பில் பாதி வெந்த மீனை அப்படியே விட்டுவிட்டாள்.

“இந்த வயசுல எங்க போவா?” என்றது ஒரு குரல்.

“மீன்காரிக்கு எந்தக் கரையா இருந்தா என்ன?” என்றது இன்னொன்று.

பாத்திரத்தைத் தலையில் தூக்கிவைக்கக்கூட யாரும் எழுந்து வரவில்லை. அவளே திண்டாடித் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

எல்லோரும் கிளம்பிய பிறகு அராபா கிழவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

“இப்ப ஊத்துங்க மாமா.”

“எதுக்கு? நீ கேட்டதுதான் கிடைச்சாச்சே.”

“எங்க அஜோவா பேரை ஒரு தடவையாவது கேக்கணும். இத்தனை வருஷத்துல நீங்க அவளைக் கூப்பிட்டதே இல்ல.”

“வேணாம்மா. வீட்டுக்குப் போ.”

“பாட்டிலைத் திறந்தாச்சு. ஊத்தாம மூடினா அவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா? நான் மட்டுந்தான் இருக்கேன், சொல்லுங்க.”

கிழவர் பாட்டிலைக் கையில் எடுத்தார். பிறகு தோள் துணியை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு குனிந்தார்.

“குந்துவா, வா. குடி.”

மண் ஈரமானது.

“குந்துவா பெத்த எக்குவா, வா. குடி.”

“மாமா, எக்குவா இல்ல. அவ…”

அவர் நிறுத்தவில்லை.

“எக்குவா பெத்த எசி, வா. குடி. உன் மக மான்சா ரோட்டுல நிக்கறா. இருட்டறதுக்குள்ள அவளுக்கு ஒரு கூரையைக் காட்டு.”

அராபா அடுத்த பெயருக்காகக் காத்திருந்தாள்.

கிழவர் கடைசிச் சொட்டுகளை உதறினார். பாட்டிலை மூடினார். துணியைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

அடுத்தவர் வீட்டு முற்றத்துக்குள் வந்துவிட்டவளைப் போல, அராபா குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.