இறுகாத மூடி

சர்க்கரை டப்பாவை மூடியைப் பிடித்துத் தூக்கினார் மாமனார். மூடி மட்டும் கையோடு வந்தது. டப்பா தரையில் உருண்டது.

"ஏம்மா, இந்த வீட்டுல ஒரு மூடியாவது இறுக்கமா இருக்கா?"

"மறந்துட்டேன் மாமா." மருமகள் துடைப்பத்தோடு ஓடி வந்தாள்.

"தினமுமா மறப்பே? நேத்து டீத்தூள், இன்னைக்குச் சர்க்கரை. எறும்புக்குப் பந்தி வைக்கறியா?"

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கோபம் மூக்கு நுனியில். ஆனால் தன் டீயைத் தானே போட்டுக்கொள்வார். அதில் யார் தயவும் வேண்டாம் என்று அவருக்கு ஒரு கர்வம்.

கொஞ்ச நாளாகக் கட்டைவிரல் அடியில் வலி. சட்டைப் பொத்தான் போடும்போது உயிர் போனது. மகன் டாக்டரிடம் இழுத்துப் போனான்.

"மூட்டு தேய்ஞ்சிருக்கு. ஊசி போடறேன். சில மாசம் வலி அடங்கலாம், ஆளுக்கு ஆள் மாறும். திரும்ப வந்தா மறைக்காம வாங்க."

"அத்தனை பெரிய பஸ் ஓட்டினவரு, ஊசிக்குப் போய் இப்படி நெளியறீங்களே அப்பா!"

"பஸ் என்னைக் குத்தலைடா."

ஊசி வேலை செய்தது. ஒரு வாரத்தில் வலி போன இடம் தெரியவில்லை. அதைவிட அதிசயம், வீட்டு மூடிகளும் இறுகிவிட்டன. முறுக்கித் திறக்க வேண்டியிருந்தது.

"பார்த்தியாடா? நாலு திட்டு திட்டினாத்தான் இந்த வீட்டுல வேலை நடக்குது" என்றார் மகனிடம். மருமகள் காதில் விழாத மாதிரி பாத்திரம் கழுவினாள்.

மாதங்கள் போயின. ஒருநாள் செருப்பு வாரை இழுக்கும்போது கட்டைவிரல் சுருக்கென்றது.

அவர் மூச்சு விடவில்லை. சொன்னால் மறுபடி ஊசி. அதுவும் கேட்காவிட்டால் ஆபரேஷன் என்பார்கள். அடுப்புப் பக்கமே போகாதே என்பார்கள். பேப்பரை இடது கையால் புரட்டினார். டம்ளரையும் இடது கையிலேயே பிடித்தார். யாரும் கவனிக்கவில்லை என்று அவர் நினைப்பு.

மறுநாள் காலை டீ போடப் போனார். டீத்தூள் டப்பாவைப் பார்த்ததுமே விரல் வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூடியில் கை வைத்தார்.

தொட்டதும் கழன்று வந்தது.

சர்க்கரை டப்பாவைத் தொட்டார். அதுவும் அப்படியே. வலிக்குத் தடவும் தைலப் புட்டியின் மூடிகூடச் சும்மாதான் உட்கார்ந்திருந்தது.

"ஏம்மா, இந்த மூடி..." என்று வழக்கம்போல ஆரம்பித்தவர், பாதியில் நின்றுவிட்டார்.

அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த மருமகள் திரும்பாமலே சொன்னாள்:

"மறந்துட்டேன் மாமா. சாயந்திரம் டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாமா?"