பதினேழாம் நம்பர் ஸ்பேனர்

"ஒரு ஸ்பேனருக்காக ஒரு கல்யாணத்தையே நிறுத்துவீங்களாம்மா?"

மேனேஜரின் குரல் கீச்சென்று எழும்பி, அந்தப் பெரிய கூடத்தின் மறுகோடிவரை போய்த் திரும்பி வந்தது.

"கல்யாணத்தை யாரு நிறுத்தினா? கூடத்தைத் திறக்க மாட்டேன்னுதான் சொன்னேன்" என்றார் பூட்டம்மா.

அது அவருடைய சொந்தப் பெயர் அல்ல. இங்கே விமானம் செய்துகொண்டிருந்த காலத்தில் இருபத்திரண்டு வருடம் பரிசோதகராக இருந்தவர். அவர் 'சரி' என்று கையெழுத்துப் போடாமல் ஒரு ஆணிகூட வாசலைத் தாண்டாது. அதனால் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர், இப்போது முகத்துக்கு நேராகவே நிலைத்துவிட்டது.

தொழிற்சாலை மூடி ஒன்பது வருடம். ஊர் ஜனங்கள் அலைந்து திரிந்து இடத்தைக் கேட்டு வாங்கினார்கள். பெயின்ட் அடித்த கொட்டகை மருத்துவமனை ஆனது, கேன்டீன் நூலகம் ஆனது. இறக்கைகளைப் பொருத்திய இந்தக் கொட்டகைதான் பெரியது. இது ஊர்ப் பொதுக்கூடம். பழைய தொழிலாளர்களே வேலையை எடுத்துச் செய்தார்கள். மேற்பார்வை, வேறு யார், பூட்டம்மாதான்.

நாளைக் காலை இங்கே முதல் நிகழ்ச்சி, ஒரு கல்யாணம். மேனேஜர் வேலையில் சேர்ந்து எட்டு நாள்தான் ஆகிறது. முதல் நிகழ்ச்சியே ஊற்றிக்கொண்டால் ஒன்பதாவது நாள் இருக்குமா என்பது அவனுடைய கவலை.

சுவரில் கருவிப் பலகை மாட்டியிருந்தது. விமானத் தொழிற்சாலையின் பழக்கம் அது. ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தை மஞ்சள் பெயின்ட்டில் வரைந்திருப்பார்கள். வேலை முடிந்ததும் எல்லா மஞ்சளும் மறைய வேண்டும். மறையாவிட்டால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. இன்று மத்தியானம் மூன்று மணிக்குப் பதினேழாம் நம்பர் ஸ்பேனரின் இடம் மட்டும் பளிச்சென்று மஞ்சளாகத் தெரிந்தது.

"மேல லைட்டு மாட்டறப்ப கையிலதான் இருந்துச்சு. சீலிங் மூடறப்ப எங்க வெச்சேன்னு ஞாபகமே வரலை" என்றார் வயதான ஃபிட்டர். குற்றவாளிபோலத் தலையைக் குனிந்திருந்தார்.

"சீலிங் முழுக்கப் பிரிச்சுப் பார்க்க எத்தனை நாளாகும்?"

"ரெண்டு நாளாவது ஆகும் தம்பி."

மேனேஜர் பூட்டம்மாவிடம் திரும்பினான். "அம்மா, இது விமானம் இல்லை. பறக்கப் போறதும் இல்லை."

"பறக்காது. விழும்" என்றார் பூட்டம்மா. "பாட்டுச் சத்தத்துல சீலிங் அதிரும். அதிர அதிர அது நகரும். கீழ எத்தனை பேரு உட்காரப் போறாங்க?"

"அறுநூறு."

"நாப்பதடி உயரத்துலேர்ந்து யாரோட தலையில விழணும்னு நீங்களே சொல்லுங்க."

மேனேஜர் குரலைத் தாழ்த்தினான். "கடையில புதுசா ஒண்ணு வாங்கி மாட்டிட்டா? பலகை நிறைஞ்சிடும்ல?"

ஃபிட்டர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. பூட்டம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எட்டு நாள்தானே ஆச்சு. இந்தப் பேச்சை நான் கேக்கலைன்னு வெச்சுக்கறேன். ஏணியைக் கொண்டாங்க அண்ணே, வேலையை ஆரம்பிக்கலாம். எனக்கும் வீட்டுல வேலை தலைக்கு மேல கிடக்கு."

மேனேஜருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிடுவீங்க! பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு இந்த இடமே பிடிக்கலை தெரியுமா? இரும்புக் கொட்டகையில யாராவது கல்யாணம் பண்ணுவாங்களான்னு கேட்டாங்களாம். மாப்பிள்ளையோட அம்மாதான், நடந்தா இங்கதான் நடக்கணும்னு ஒத்தைக்கால்ல நின்னாங்களாம். புக் பண்ண வந்த பொண்ணோட அப்பா சொன்னார். நாளைக்கு அந்தம்மா வந்து என் சட்டையைப் பிடிச்சா?"

"அது வந்து தம்பி..." என்று ஃபிட்டர் வாயைத் திறந்தார். பூட்டம்மா ஒரு பார்வை பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டு ஏணியை எடுக்கப் போய்விட்டார்.

"அந்தம்மாவை நான் பார்த்துக்கறேன்."

"உங்களுக்கு மனசுல ஈரமே கிடையாதா? பெத்தவங்க எவ்வளவு ஆசைப்பட்டிருப்பாங்க!"

பூட்டம்மா புதிதாகப் பளபளத்த தரையையும், மேடையையும், வரிசையாக அடுக்கியிருந்த நாற்காலிகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ரொம்பத்தான் ஆசைப்பட்டிருப்பா" என்றார். "அதுக்காகத் தெரிஞ்சே கையெழுத்துப் போட முடியாது. பள்ளிக்கூட அரங்கம் காலியா இருக்கு, இப்பதான் கேட்டேன். தர்றேன்னுட்டாங்க. நாற்காலியை ஏத்திவிட வண்டி சொல்லுங்க."

இனி இவரிடம் முட்டிப் பயனில்லை என்று மேனேஜருக்குப் புரிந்துவிட்டது.

"சரி, வண்டி சொல்றேன். ஆனா பொண்ணோட அப்பாகிட்ட எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பேசறது? என்னால ஆகாதும்மா. நீங்களே சொல்லுங்க. இந்தாங்க, அவர் நம்பர்."

"நம்பர் வேணாம்."

பூட்டம்மா அதற்குள் தன் போனைக் காதில் வைத்திருந்தார்.

"சம்பந்தி, நான்தான் பேசறேன். நாளைக்குக் கல்யாணத்தைப் பள்ளிக்கூட அரங்கத்துக்கு மாத்திட்டேன். என் பையன்கிட்ட நானே சொல்லிக்கறேன்; உங்க பொண்ணுகிட்ட மட்டும், மாமியார் மன்னிப்புக் கேட்டாங்கன்னு சொல்லிடுங்க."