டிரைவர் பக்கம் மட்டும் துரு

மூன்று வருடமாக ஷெட்டை விட்டு வெளியே வந்ததை யாரும் பார்க்காத பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குள் கடல் மணல் கிடந்தது. அதுவும் ஈரமாக.

துரு சுரண்ட வந்த மெக்கானிக் கார்ப்பெட்டைப் பிழிந்து, ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்புத் தண்ணி சார். அதான் டிரைவர் பக்கத் தரை மட்டும் பிஸ்கட் மாதிரி உதிருது."

"தெரியும்," என்றார் வீட்டுக்காரர். "பையன் எடுத்துட்டுப் போயிட்டு வர்றான்."

"கொஞ்சம் கண்டிச்சு வைங்க சார்."

"எப்படி? செத்து மூணு வருஷம் ஆச்சு. ஆறடிப் பிள்ளை, இதுலதான் கடலுக்குக் குளிக்கப் போனான். வண்டி மட்டும் கரையில நின்னுச்சு."

மெக்கானிக் அவசரமாகத் துப்பினார்.

"நம்பலைன்னா மீட்டரைப் பாரு, தம்பி. வாரத்துக்குச் சரியா இருபத்திரண்டு கிலோமீட்டர் ஏறுது. கடலுக்குப் பதினொண்ணு, திரும்பி வரப் பதினொண்ணு."

பயந்தாலும் தொழில்புத்தி போகவில்லை. "பெட்ரோல் யாரு சார் போடுறா?"

"நான்தான் கேன்ல வாங்கி ஊத்தி வைக்கிறேன். பிள்ளை பாதி வழியில நின்னுடக் கூடாதுல்ல?"

மெக்கானிக் வேலையைப் பார்க்கலாம் என்று காருக்குள் நுழைந்தார். முழங்கால் ஸ்டீயரிங்கில் ணங்கென்று இடித்தது. முனகிக்கொண்டே சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளினார்.

"பாத்து. அது அவன் சீட்டு," என்றார் வீட்டுக்காரர். "நானே அதுல உட்கார்றதில்ல."

"சார், சுரண்டி பிரைமர் அடிச்சு, சந்துபொந்தெல்லாம் மெழுகு பீய்ச்சித் தர்றேன். ஆனா ஈரம் வந்துக்கிட்டே இருந்தா அடுத்த மழைக்குள்ள தரை கழண்டு விழுந்துடும். பேசாம பேட்டரியைக் கழட்டிடுங்க."

வீட்டுக்காரர் மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஈரம் வரட்டும்ப்பா. துருவை மட்டும் நிறுத்திக் கொடு. இந்த வண்டியும் போச்சுன்னா அவன் எதுல வருவான்?"

அதற்குள் அவர் மனைவி டீயோடு வந்தார். டம்ளரை நீட்டும்போதும் கார் பக்கம் திரும்பவில்லை.

"இவளுக்கு இந்த வண்டின்னாலே ஆகாது," என்றார் வீட்டுக்காரர். "மூணு வருஷத்துல ஒரு நாள் துடைச்சுக்கூட விட்டதில்ல."

"ஆமா, அது ஒண்ணுதான் குறைச்சல். மணி ரெண்டாச்சு, காது மிஷினைக் கழட்டி வெச்சுட்டுப் படுங்க. அவர் பாத்துப்பார்."

வீட்டுக்காரர் வாசல்வரை போய், காரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, உள்ளே போனார்.

மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். "நீங்களாவது சொல்லுங்கம்மா. பேட்டரியைக் கழட்டிட்டா எல்லாம் தன்னால நின்னுடும். நிம்மதியா இருக்கலாம்."

அறைக்கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை அந்த அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதல்முறையாகக் காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"பேட்டரி இருக்கட்டும்ப்பா. சீட்டை முன்னாடி இழுத்து விட்டுடு, எனக்கு கிளட்ச் எட்டாது."