தீ வராத முப்பத்திரண்டு மாசி

அவள் முழங்காலில் ஊர்ந்து முள்ளுக்குள் நுழைந்தாள்.

"அத்தே, மொசலாட்ட பூந்துட்டியே! உன்ன எங்கீன்னு தேடறது?"

வெளியே நின்ற அண்ணன் மகன் காடன் கத்தினான். வனக்காவலன். இந்த ஒரு நாள் அனுமதியை வாங்கித் தந்தவன்.

அவள் மகளின் கல்லைத் தேடி வந்திருந்தாள்.

முன்பெல்லாம் மாசியில் இந்தக் காட்டுக்கு அவர்களே தீ வைப்பார்கள். புல் எரிந்து அடங்கும். கருத்த தரையில் இறந்தவர்களின் கற்கள் வெளிப்படும். ஒவ்வொரு கல்லின் முன்பும் ஒரு பிடி சாமைச் சோறு வைப்பார்கள்.

மகளைக் கைக்குழந்தையாகப் புதைத்தது கடைசித் தீயின் சாம்பலில். அதன்பின் தீக்கு வனத்துறையின் தடை. ஊரையும் கீழே இறக்கிவிட்டார்கள்.

முப்பத்திரண்டு மாசி. பிள்ளைக்கு ஒரு வாய் சோறு போகவில்லை.

புதைத்த அன்று குழியின் தலைமாட்டில் கருகிய விடத்தலை முட்செடி ஒன்று இருந்தது. போன முறை வந்தபோது, இருப்பதிலேயே தடித்த விடத்தலையைத் தேடினாள்.

அதுதான் பிழை.

தீ வந்தால் விடத்தலை கருகிய அடியிலிருந்தே துளிர்க்கும். தீ வராவிட்டால் அதற்கு அவசரமில்லை. விரல் ஆழத்தில் வேரை ஓட்டி, ஒரு சாண் தள்ளி எழும். பிறகு இன்னொரு சாண். நடுவில் நின்ற தாய்ச்செடி மெல்லச் செத்து மண்ணாகும்.

ஆகவே வெளியே இளசு. உள்ளே போகப் போகக் கிழடு.

தண்டுகளைத் தடவிக்கொண்டே போனாள்.

பச்சைப் பட்டை.

வெடித்த பட்டை.

அடுத்தது, தொட்டதும் உதிர்ந்தது.

பறவைச் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

முள் விலகியது. நடுவே வெறுந்தரை. ஒரு புல்கூட இல்லை. ஓரத்தில் கல்.

சோற்றை வைத்தாள். கும்பிட்டாள். பிறகுதான் தரையைச் சரியாகப் பார்த்தாள்.

அன்று தோண்டியது இரண்டு முழக் குழி.

செடிகள் ஒதுங்கி விட்டிருந்த இடம் அதைவிட நீளம். கல்லருகே ஒடுங்கி, தோளளவுக்கு அகன்று, கீழே போகப் போகக் குறுகியிருந்தது.

அவள் கல்லடியில் தலைவைத்து மல்லாந்து படுத்தாள். காலை நீட்டினாள்.

குதிகாலுக்குக் கீழே இன்னும் ஒரு சாண் மிச்சமிருந்தது.

"கெடச்சுதா அத்தே?"

"கெடச்சுதுடா," என்றாள். "அவ அப்பன் ஒசரம்."