வலப்பக்கம் இரண்டு மைல்

“பாதைக் கோட்டிலிருந்து ஒரு முழம்கூட விலகவில்லை, பார்த்தீரா ஓய்!” என்றது விமானத்தின் வழிகாட்டிக் கருவி.

“நானும்தான். ஓரடி கூடவுமில்லை, குறையவுமில்லை,” என்றது பக்கத்திலிருந்த உயரமானி. காலையிலிருந்து அதன் முள் எங்கோ லேசாக ஒட்டிக்கொள்வதுபோல் இருந்தது. அதை அது யாரிடமும் சொல்லவில்லை.

“இதே கோட்டில் எதிரே ஒருவன் வருகிறான். அவனும் என்னைப் போலத்தான், மயிரிழை பிசகமாட்டான்.”

“அப்படியானால் நேருக்கு நேரா?”

“நமக்கு ஆயிரம் அடி கீழேதானே வருகிறான்? உயரம் உம்முடைய பொறுப்பு. கணக்குச் சரிதானே, ஓய்?”

“என் கணக்கு தப்பாது,” என்றது உயரமானி. உடனே பேச்சை மாற்றி, “கோட்டின்மேல் போவது என்ன பெரிய வித்தை? கடலுக்கு மேலே இரண்டு மைல்வரை வலப்பக்கம் விலகிப் போக விதியே இடம் தருகிறது. கடைசிவரை அதே இரண்டு மைல் தள்ளிப் போக உம்மால் முடியுமா?” என்று கேட்டது.

“யாரைப் பார்த்துக் கேட்கிறீர்!”

விமானம் வலப்பக்கம் சாய்ந்து விலகியது.

கொஞ்ச நேரத்தில் எதிர் விமானம் இடப்பக்கமாகக் கடந்து போனது. ஆயிரம் அடி கீழே அல்ல, கிட்டத்தட்ட இதே உயரத்தில். வெயிலில் அதன் வால் மின்னியது.

“சரியாக இரண்டு மைல். வேண்டுமானால் அளந்து பாரும்!” என்றது வழிகாட்டி.

“உம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை,” என்றது உயரமானி.

விமானி கையை நீட்டி உயரமானியின் கண்ணாடியை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். முள் விடுபட்டுக் கீழே இறங்கியது.