பந்தல் இல்லாத திராட்சை

"துப்புங்க சார், முழுங்கிடாதீங்க!" அழகுமலை வாளியை மோவாய்க்கு நேராக நீட்டினான்.

ரவிசங்கர் பாதியை ஏற்கெனவே முழுங்கியிருந்தார். மீதியை, பிறந்ததிலிருந்தே வாளியில் துப்பிப் பழகியவர் போலக் கம்பீரமாகத் துப்பினார்.

"தொண்டை என்ன சொல்லுதுன்னும் பார்க்கணும்ல மேடம்!"

எதிரே இருந்த ஜலஜா தலையசைத்தார். துபாய் ஹோட்டல்களுக்கு ஒயின் சப்ளை செய்யும் கம்பெனியின் மேனேஜர் அவர். அழகுமலை அவருடைய உதவியாள். காலியாக இருந்த வேலையின் பெயர் 'ஒயின் ஆலோசகர்'.

ரவிசங்கருக்கு அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். 2009-இல் துபாயே தள்ளாடியபோது, அவர் இருந்த வங்கி முதலில் வெளியே தள்ளியது அவரைத்தான். விசாவும் கேன்சல். மாதக் கடைசிக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் அல் குசைஸ் ஃபிளாட்டைக் காலி செய்து, மனைவி தாமரையையும் மகள் தாரிணியையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

வங்கிப் பார்ட்டிகளில் கிளாஸைச் சுழற்றிச் சுழற்றிப் பேசியே ஒயின் மேதை என்று பெயர் வாங்கியவர். இன்றைக்கு அந்தப் பெயர்தான் அவருடைய ஒரே சர்டிபிகேட்.

"இது பழைய புதர்க்கொடித் திராட்சையில செஞ்ச வெள்ளை ஒயின். கேள்விப்பட்டிருப்பீங்க," என்றார் ஜலஜா.

"என்ன மேடம் அப்படிக் கேட்டுட்டீங்க! நம்ம கம்பம் பக்கம் பந்தல் போட்டு, கொடியை மேல படர விடுவாங்க. அதெல்லாம் செல்லம் கொடுத்து வளர்த்த புள்ளைங்க. இதுக்குப் பந்தலும் கிடையாது, கம்பியும் கிடையாது. வறண்ட மண்ணுல குத்துச்செடி மாதிரி தனியா நிக்கும். வயசாக ஆகக் காய்ப்பு குறையும், ருசி கூடும்."

முந்தின நாள் இன்டர்நெட்டில் படித்தது வரிசை பிசகாமல் வந்தது.

"கரெக்ட். தென்னாப்பிரிக்காவுல எங்க தோட்டத்துச் சரக்கு. இந்த மூணு குடுவையையும் ருசி பார்த்து, எதுல எவ்வளவு சேர்த்தா நல்ல கலவை வரும்னு சொல்லுங்க. அதுதான் இன்டர்வியூ."

அழகுமலை இரண்டாவது குடுவையிலிருந்து ஊற்றினான். ரவிசங்கர் சுழற்றினார், மூக்கை உள்ளே விட்டார், உறிஞ்சினார். முதலாவதற்கும் இதற்கும் துளி வித்தியாசம் தெரியவில்லை. அவசரமாக மூன்றாவதை வாயில் விட்டார். அதுவும் அதேபோலத்தான் இருந்தது!

வெறும் வயிற்றோடு போகாதீர்கள் என்று தாமரை தயிர்சாதத்தோடு வைத்த ஆவக்காய் ஞாபகம் வந்தது. பாவி நாக்கு, இன்றைக்குப் பார்த்தா மரத்துப் போக வேண்டும்?

"என்ன சார், பலமான யோசனை?"

"அவசரப்படக் கூடாது மேடம். ஒயின் முதல்ல பேசட்டும்."

அது பேசுகிற வழியாக இல்லை. அவரே பேசினார்.

"முதல் குடுவை, மலைச்சரிவுல விளைஞ்சது. எலுமிச்சைத் தோல் வாசனை, கொஞ்சம் துடுக்கு. ரெண்டாவது ஆத்தோரம். பழுத்த கொய்யா, தேன். ரெண்டு புள்ளை பெத்த அம்மாவோட நிதானம். மூணாவது..." கண்ணை மூடிக்கொண்டார். "மழை பெஞ்சு ஓஞ்ச பாறை. துறவி மேடம், இது துறவி!"

அழகுமலை சட்டென்று குனிந்து, சுத்தமாக இருந்த தரையைத் துடைக்க ஆரம்பித்தான்.

"அப்போ கலவை?" ஜலஜாவின் முகத்தில் சிரிப்பும் இல்லை, முறைப்பும் இல்லை.

ரவிசங்கர் காலிக் குடுவை ஒன்றில் முதலாவதைத் தாராளமாக ஊற்றினார். இரண்டாவதைக் கொஞ்சம் சேர்த்தார். மூன்றாவதைக் குழந்தைக்கு மருந்து புகட்டுவது போலச் சொட்டுச் சொட்டாக விட்டு, குலுக்கி நீட்டினார்.

ஜலஜா ருசித்துத் துப்பினார். "ரெண்டாவது கொஞ்சம் தூக்கலா இல்லை?"

"நானே சொல்லணும்னு இருந்தேன்!" மூன்றாவதிலிருந்து இன்னும் நாலு சொட்டு சேர்த்தார். "இப்போ பாருங்க. துறவி வந்து ஒரு வார்த்தை சொன்னதும் அம்மா அடங்கிட்டாங்க."

ஜலஜா கிளாஸைக் கீழே வைத்தார். "சார், ஒரு விஷயம் சொல்லணும். மூணு குடுவையும் ஒரே பீப்பாய்ல பிடிச்சது."

ரவிசங்கரின் காது நுனி வரை சூடேறியது.

"காலையிலேருந்து வந்தவங்க எல்லாரும் வாயில வெச்சதுமே கண்டுபிடிச்சுட்டாங்க. ஒரு வெள்ளைக்காரர், எங்கிட்டயே விளையாடுறியான்னு கோவிச்சுக்கிட்டே போயிட்டார்."

ரவிசங்கர் எழுந்து ஃபைலை எடுத்துக்கொண்டார். ஸ்கூலில் தாரிணிக்கு டி.சி. கேட்க வேண்டும் என்று மனதுக்குள் ஓடியது. "சரி மேடம், நான் வரேன்."

"எங்கே சார் கிளம்பிட்டீங்க? உட்காருங்க," என்றார் ஜலஜா. "இந்த ஒரே பீப்பாயைத்தான் மூணு ஹோட்டலுக்கு மூணு பேருல விக்கிறோம். நாளைக்கே டியூட்டியில சேர்ந்துடுங்க!"